பையோடு வாசலில் வந்து நிற்கும் மகளிடம்

அடி வாங்கிய பெண் முதலில் போவது பொலிசுக்கு இல்லை. அம்மாவிடம் போகிறாள். அம்மா இல்லாவிட்டால் அம்மம்மா, பெரியம்மா, அக்கா, அவர்களும் இல்லாவிட்டால் பக்கத்து வளவு மாமி. பையோடு வாசலில் நிற்கிறவளுக்கு அந்த மூத்த பெண் முதல் பத்து நிமிடத்தில் என்ன சொல்கிறாள் என்பதில்தான் பிறகு நடக்கிற பலதும் தங்கியிருக்கிறது. "என்ன செய்தவன்? எங்க நோகுது?" என்று கேட்டால் அவள் பேசத் தொடங்குவாள். "நீ என்ன வாய் காட்டினனி?" என்று கேட்டால் அன்றோடு சரி. அடுத்த முறை அவள் அந்த வாசலுக்கு வரமாட்டாள், எந்த வாசலுக்கும் போகமாட்டாள்.

ஆகவே இதை அடி வாங்குகிறவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. அவர்கள் தேடி வருகிற அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இலங்கை முழுவதும் பெண்களிடம் நடத்திய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், ஐந்தில் ஒருவர், தங்கள் வாழ்நாளில் கணவனாலோ துணைவனாலோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். வன்னியில் எந்த ஒழுங்கையில் நின்று எண்ணினாலும் இது தெரிந்த முகங்களின் கணக்குத்தான்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வடக்கிலும் ஒரே கூரைக்குக் கீழ் மூன்று தலைமுறைப் பெண்கள் இருக்கிற வீடுகள் நிறைய. அடியைப் பற்றிக் கதை வந்தால் மூன்று பேரும் மூன்று பாஷை பேசுவார்கள். அம்மம்மா "பொறுத்துப் போ" என்பார். அம்மா "ஆரையாவது கொண்டு சொல்லிப் பாப்பம்" என்பார். மகள் "எனக்கு அவர் வேண்டாம், அவ்வளவுதான்" என்பாள். கிழவிக்கு அறிவில்லை, மகளுக்குப் பொறுமையில்லை என்று பிரித்துப் பேசுவது சுலபம். ஆனால் அது உண்மையில்லை. மூவருக்கும் கையில் இருந்த வழிகள் வேறு வேறு. அவர்கள் பேசுவது அந்த வழிகளைத்தான்.

அறுபது, எழுபது வயதுப் பெண்கள் வாழ வந்த காலத்தில், சீதனமாகக் கிடைத்த வளவில் வீடு கட்டியிருந்தால் தாய்வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். கத்தினால் அப்பு வருவார், அண்ணன் வருவான். தாய்மாமன் ஒருக்கா வந்து முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாலே மருமகன் ஒரு மாதம் அடங்கியிருப்பான். அடி நிற்கவில்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்குள் அவர்கள் நுணுக்கமாகக் கணக்குப் போட்டு வாழ்ந்தார்கள். படலையில் சைக்கிள் ஸ்ராண்ட் போடும் சத்தத்திலேயே குடித்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும். கத்தியையும் கோடரியையும் மாலையானதும் எடுத்து ஒளிப்பது, பிள்ளைகளுக்கு வேளைக்கே சோறு கொடுத்துப் படுக்க வைப்பது, அவர் நித்திரையாகும்வரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பது எல்லாம் அவர்களின் பாதுகாப்புத் திட்டங்கள். இன்றைக்குப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக் கொடுப்பதில் பாதியை அவர்கள் ஆரும் சொல்லாமலே செய்தார்கள். அதை மதிக்க வேண்டும்.

ஆனால் "பொறுத்துப் போ" என்ற சொல், அந்தச் சுற்றம் பக்கத்தில் இருந்தபோது உண்டான சொல். 1995, 96 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், அதற்கு முன்பே 1958, 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 2008, 2009 இல் மாறி மாறி இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய் மெனிக் பாம் முகாமுக்குள்ளால் திரும்பி வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்துதான் இன்றைய வன்னிக் கிராமம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்த காணியில் தனித்தனி வீடு. கத்தினால் கேட்கிற தூரத்தில் சொந்தம் இல்லை. கேட்கப் போயிருக்க வேண்டிய அண்ணன் செத்திருப்பான், காணாமல் போயிருப்பான், அல்லது வெளிநாட்டில் இருப்பான். "கேக்க ஆளில்லை எண்டுதான் இவ்வளவும் செய்யுறார்" என்று பெண்கள் சொல்வதன் முழுப் பொருள் இதுதான். எல்லையாக நின்றவர்கள் போய்விட்டார்கள். பொறுமை மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லையில்லாத இடத்தில் பொறுக்கச் சொன்னால் அது கொலையில்கூட முடியலாம்.

நாற்பது, ஐம்பது வயதுக்காரிகளின் பழக்கம் வேறு. அவர்கள் 2009 க்கு முன்பு, புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும் நடந்த வன்னியில் குடும்பம் நடத்தியவர்கள். போய்ச் சொன்னால் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பது அவர்கள் மனதில் பதிந்த வழி. அதிகாரம் உள்ள ஓர் ஆள் கணவனைக் கூப்பிட்டு வெருட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. அதே எதிர்பார்ப்போடுதான் இன்றைக்கும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். "கேஸ் ஒண்டும் வேண்டாம் சேர், ஒருக்காக் கூப்பிட்டு வெருட்டி விடுங்கோ."

கேட்டதுதான் கிடைக்கும். இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள், ஏசுவார்கள், இனிமேல் அடிக்கமாட்டேன் என்று எழுதி ஒப்பம் வாங்குவார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மூன்று நாள் அமைதி. அதற்குப் பிறகு வருவது முன்பைவிட மோசம், ஏனென்றால் இப்போது அவனுக்கு மானமும் போயிருக்கிறது. அந்த எழுத்தை மீறினால் அதற்கென்று தனித் தண்டனை எதுவும் இல்லை. அவள் மறுபடியும் போனால் மறுபடியும் ஓர் எழுத்து. மூன்றாம் முறை போக அவளுக்கே வெட்கம் வந்துவிடும். சாதாரண காயம் ஏற்படுத்திய குற்றம் மத்தியஸ்த சபைக்குப் போகக்கூடியது என்பதால் சில முறைப்பாடுகள் அங்கேயும் போய்ச் சேரும். வேலிச் சண்டையையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் தீர்க்க அந்தச் சபை நல்ல இடம். ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்குகிற இடத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னால், விட்டுக்கொடுப்பவர் எப்போதும் அவளாகவே இருப்பார்.

பொலிசில் எழுதும் கடுதாசிகளில் ஒரு வரியைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள். "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதி ஒப்பமிடச் சொல்வதுண்டு. அந்த நேரத்தில் அது நிம்மதியாகத்தான் தெரியும். ஆனால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவி தனக்குத் தாபரிப்புப் பணம், அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கேட்க முடியாது. பிள்ளைகளுக்கான தாபரிப்பு தனி, அதை இந்த வரி தடுக்காது. ஆனால் அவளுடைய பங்கு அந்த ஒரு வரியால் போய்விடக்கூடும். அடிக்குப் பயந்துதான் வெளியே வந்தேன் என்பதுதான் உண்மையென்றால் அதைத்தான் எழுதச் சொல்ல வேண்டும். எழுதியது சிங்களத்தில் இருந்தால் ஒப்பமிட வேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்பதும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வதும் அவளுடைய உரிமை. முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

வெருட்டி விடச் சொல்வதற்குப் பதிலாக என்ன கேட்பது? 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்க வேண்டும். சட்டம் வந்து இருபது வருடமாகிறது. அது இருப்பது தெரிந்தவர்களுக்குக்கூட, எப்படி வேலை செய்கிறது என்பது சரியாகத் தெரிவதில்லை.

விண்ணப்பம் நீதவான் நீதிமன்றத்தில் செய்வது. பாதிக்கப்பட்டவள் தானே செய்யலாம், அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். அடி நடந்த இடத்து நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்து நீதிமன்றமும் போதும். துணுக்காயிலிருந்து அடி தாங்காமல் வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்கு ஓடி வந்தவள், பல மைல் பஸ்ஸில் போய் அவன் ஊருக்குப் பக்கத்து நீதிமன்றப் படியில் நிற்கத் தேவையில்லை, வவுனியாவிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு ஒரு சத்தியக்கடதாசியும், அதாவது நடந்ததைச் சத்தியம் செய்து எழுதி ஒப்பமிட்ட கடுதாசியும், கொடுப்பது நல்லது. அதில் "எப்போதும் அடிப்பார்" என்று எழுதினால் பயனில்லை. கடைசியாக நடந்தது, முதலில் நடந்தது, மிக மோசமாக நடந்தது என்று மூன்று சம்பவமாவது திகதியோடு வேண்டும். திகதி நினைவில்லாவிட்டால் "பிள்ளையின்ர ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினைக்கு முதல் கிழமை", "நல்லூர்த் தேருக்கு அடுத்த நாள்" என்று நினைவுபடுத்தி அங்கிருந்து எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கையால் அடித்தாரா, வயரால் அடித்தாரா, எங்கே பட்டது, பிள்ளைகள் பார்த்தார்களா, அன்று வைத்தியசாலைக்குப் போனாரா என்று எல்லாம் வரவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணிகள் இதை இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளையை உடனேயே கொடுக்கலாம். அது ஆகக்கூடியது 14 நாள். அந்த 14 நாளுக்குள் கணவனைக் கூப்பிட்டு விசாரணை நடக்கும். அதற்குப் பிறகு வழங்கும் பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். வீட்டுக்குள் வரக்கூடாது, வேலைத்தலத்துக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ போகக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது, பின்தொடரக்கூடாது, குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்படி வீட்டை விற்கக்கூடாது, அவளுக்கு உதவி செய்கிறவர்களுக்கும் கை நீட்டக்கூடாது என்று நிபந்தனைகள் போடலாம். இந்தக் கடைசி நிபந்தனை அம்மாமாருக்கு முக்கியம். மருமகன் வந்து தாயை அடித்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போவது நடக்காத விடயம் இல்லை. கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

மூத்த பெண்கள் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். "பிள்ளையளின்ர தேப்பனை ஜெயிலுக்கு அனுப்பவோ?" அவர்களுக்குச் சரியான பதில் இருக்கிறது. பாதுகாப்புக் கட்டளை கணவனைச் சிறைக்கு அனுப்புவதில்லை. தள்ளி நில் என்று சொல்வது மட்டும்தான். அவனாகவே மீறினால்தான் தண்டனை. ஊர் கதைக்கும், பேப்பரில் வரும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. இந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விபரத்தைப் பிரசுரிப்பதை அந்தச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. இதைச் சொன்னதும் எத்தனையோ அம்மம்மாமாரின் முகம் மாறும். அவர்கள் தடுத்ததற்குக் காரணம் கல்மனம் இல்லை, பயம்தான்.

கலியாணம் எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். வன்னியில் இது சின்ன விடயம் இல்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில், ஆட்சேர்ப்புக்குப் பயந்து அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்த பெண்பிள்ளைகள் இன்றைக்கு முப்பதுகளில் இருக்கிறார்கள். பதிவு செய்யாதவர்களும் பத்திரங்களை இடப்பெயர்வில் தொலைத்தவர்களும் உண்டு. "எழுத்து இல்லை, அதால எனக்கு ஒண்டும் கேக்கேலாது" என்று அவர்கள் நினைக்கிறார்கள். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் முன்பு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் பாதுகாப்புக் கட்டளை உண்டு. பிள்ளைக்குத் தாபரிப்பு கேட்கவும் பெற்றோர் எழுதியிருக்க வேண்டியதில்லை, அவர்தான் தகப்பன் என்று தகுந்த சாட்சியத்தோடு நிரூபித்தால் போதும். மனைவிக்கான தாபரிப்புக்குத்தான் சட்டப்படியான கலியாணம் என்று காட்ட வேண்டும். தொலைந்த பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்டு எடுக்கலாம்.

இளையவர்களிடம் வருவோம். இருபதுகளில் இருக்கிற பெண் முதல் அடியோடு கிளம்பத் தயார். ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்து தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறவள் இன்னும் வேளைக்கே கிளம்புவாள். காசு தைரியம் கொடுக்கும் என்பது வெறும் பேச்சில்லை, அடுத்த மாத வாடகைக்குக் கையில் இருக்கிற கணக்கு அது. ஆனால் இவர்களுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. விரும்பிப் போனவள் என்றால் தாய்வீட்டுக் கதவு முன்பே பூட்டியிருக்கும். "நீயாத் தேடினது, நீயே பார்" என்ற ஒரு வரி, அடிப்பவனுக்கு ஒரு படையே கொடுத்த மாதிரி. அம்மம்மாவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தது. பேத்திக்குப் போனில் நூறு பேர் இருக்கிறார்கள், இரவு பதினொரு மணிக்குப் படுக்க ஓர் இடம் இல்லை.

பதினெட்டு ஆகாமல் சேர்ந்து வாழப் போன பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கலியாணத்துக்குச் சட்ட வயது 18. பதினாறுக்குக் குறைந்தவளோடு உறவு, அவள் சம்மதித்தாலும், குற்றம். அதனால் அடியைச் சொல்லப் போனால் வயதும் வெளியே வரும் என்று பயந்து பொலிசுக்கும் போகாமல், கர்ப்பமானாலும் குடும்பநல மாதுவுக்குக்கூட முகம் காட்டாமல் ஒளிந்திருப்பார்கள். அவர்களிடம் வயதைப் பற்றி ஏசுவதை ஒத்திவையுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் அவர்களுக்கும்தான்.

இளையவர்களுக்கு வரும் வன்முறையில் ஒரு பகுதி போனுக்குள்ளால் வருகிறது. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது, வட்ஸ்அப்பை இன்னொரு கருவியில் இணைத்து வைத்து எல்லாவற்றையும் வாசிப்பது, எங்கே நிற்கிறாள் என்று லொக்கேஷன் பார்ப்பது, படத்தைப் போடுவேன் என்று மிரட்டுவது. அம்மாவுக்கு இது அடியாகவே தெரியாது. "போனைத் தானே பாக்கிறான், கை நீட்டேல்லையே" என்பார். சட்டம் உடல் அடியை மட்டும் பார்ப்பதில்லை. குற்றமான மிரட்டலும், தொடர்ந்து நடக்கும் கொடூரமான, இழிவுபடுத்தும் நடத்தையும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. வட்ஸ்அப்பில் "Linked devices" (இணைக்கப்பட்ட கருவிகள்) என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்து ஒரு நம்பிக்கையான ஆளுக்கு அனுப்ப வேண்டும், பிறகுதான் நீக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் முன்பே நீக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும், அன்றைக்கே அடி விழும். ஆகவே வெளியே வந்த பிறகு செய்வது நல்லது. மிரட்டல் குரல் பதிவுகளை அழிக்காமல் வேறு போனுக்கு மாற்றிவிட வேண்டும்.

படுக்கையில் நடக்கும் கொடுமையைப் பற்றி மூத்தவர்கள் வாயே திறப்பதில்லை. இளையவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட தம்பதியரில் மட்டும்தான் கணவனின் வற்புறுத்தலை வல்லுறவு என்று கொள்கிறது. இது மாறவேண்டிய சட்டம். மாறும்வரை, அதனோடு வந்த காயத்தையும் மிரட்டலையும் பாதுகாப்புக் கட்டளை விண்ணப்பத்தில் எழுதலாம், எழுத வேண்டும்.

இப்போது வாசலுக்குத் திரும்பி வருவோம். மகள் வந்து நிற்கிறாள். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளை வேறு ஆள் பார்க்க விட்டு, முதலில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "கழுத்தைப் பிடிச்சவனோ?" கழுத்து நெரிபட்டால் வெளியில் ஒரு அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்க நோவது, கண் வெள்ளையில் இரத்தப் புள்ளி, மூச்சு வாங்குவது, சிறுநீர் தன்னறியாமல் போயிருப்பது, தலைசுற்று, நினைவு தப்பியது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. உள்ளே வீக்கம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் கூடலாம். 1990 க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஒரு தடவை கழுத்தை நெரித்த ஆள், பிறகு கொலை வரை போகக்கூடிய ஆள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இப்படிப்பட்டவனிடம் "பேசி அனுப்புவது" கூடவே கூடாது. மண்ணெண்ணெயை ஊற்றி மிரட்டியது, கர்ப்பமான வயிற்றில் உதைத்தது, பிள்ளைகளைக் கொல்லுவேன் என்றது, இவையும் அதே வகை. பெண் பிரிந்து வருகிற நாட்களே ஆகக்கூடிய ஆபத்தான நாட்கள் என்பதும் அவளோடு இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியது.

காயத்தோடு வந்தால் குளிக்க வார்க்க அவசரப்படாதீர்கள். பொலிசுக்குப் போய்விட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேரே வைத்தியசாலைக்கே போகலாம். அங்குள்ள பொலிஸ் காவல் பிரிவிலேயே சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை எடுக்க முடியும். வைத்தியரிடம் "விழுந்திட்டன்" என்று சொன்னால் அட்டையில் அப்படித்தான் எழுதப்படும். ஆறு மாதம் கழித்து வழக்கில் அந்த ஒரு சொல் அவளுக்கே எதிராக வந்து நிற்கும். "கணவர் அடிச்சவர், இதால அடிச்சவர்" என்றே சொல்லவேண்டும். பெரிய அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வாசலில் கேட்டால் காட்டுவார்கள்.

படம் எடுப்பதென்றால் முகமும் காயமும் ஒன்றாகத் தெரிய ஒன்று, கிட்டவாக ஒன்று. கண்டல் காயம் அன்றைக்கு மங்கலாகத்தான் இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் நீலம் பாரித்து நன்றாகத் தெரியும். அப்போது மறுபடியும் எடுங்கள். கிழிந்த, இரத்தம் பட்ட உடுப்பைத் தோய்க்காமல் காயவிட்டுக் கடுதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இன்னும் வெளியே வராதவள், வரலாமா என்று யோசிக்கிறவள் என்றால் அவளுக்கு ஒரு பை வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டைகள், வங்கிப் புத்தகம், காணிப் பத்திரத்தின் போட்டோப் பிரதி, தினம் குடிக்கிற மருந்து, பஸ்ஸுக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் காசு. அந்தப் பையைத் தாய்வீட்டில் வைக்க வேண்டாம், அவன் முதலில் தேடிவரும் இடம் அதுதான். நம்பிக்கையான ரீச்சர் வீட்டில், வேலைத்தலத்தில், கோயில் ஐயர் வீட்டு மாமியிடம் வைக்கலாம். வீட்டைவிட்டு வந்த பிறகு மறந்துபோன பொருட்களை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போகவே கூடாது. பொலிஸ் கூடப்போய் எடுத்துத் தரும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம், அதையும் விண்ணப்பத்தில் கேளுங்கள். பாதுகாப்பு இல்லத்துக்குப் போவதென்றால், ஆண் பிள்ளைகளை எந்த வயது வரை கூட வைத்திருக்கலாம் என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். படியில் நின்று மகனைப் பிரிய வேண்டி வந்தால் பல தாய்மார் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1938. இது அரசின் மகளிர் உதவி இலக்கம், தமிழில் பேசலாம். உடனடி ஆபத்துக்கு 119. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். கிராம அலுவலரிடம் போவதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் நல்லவராக இருந்தாலும் அவருடைய அலுவலகத்தில் ஊரே இருக்கும். காணிக்குக் கடிதம் எடுக்க வந்தவர் கேட்டுக்கொண்டு நிற்பார். பிரதேச செயலகத்துக்குப் போனால் எதற்கு வந்தாள் என்று ஆருக்கும் தெரியாது. கணவன் "நீ போனால் நான் மருந்து குடிச்சுச் சாவன்" என்று மிரட்டினால், அவள் திரும்பிப் போவது அதற்கு மருந்தில்லை. அவனுடைய உறவினருக்கும் 119 க்கும் அறிவித்துவிட்டு அவள் இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும். 1926 மனநல உதவி இலக்கம். அது அவனுக்கும் திறந்ததுதான், அவளுக்கும் திறந்ததுதான்.

"வீட்டை விட்டு வந்தால் வீடு போயிடும்" என்பது நடு வயதுப் பெண்களைக் கட்டிப்போடும் கயிறு. சரியாகப் பார்த்தால் அதில் பாதிதான் உண்மை. அடி தாங்காமல் வெளியேறியவள் குடும்பத்தைக் கைவிட்டவள் ஆகமாட்டாள். விவாகரத்து வழக்கில், அவளை வெளியேற வைத்தவனே கைவிட்டவன் என்று வாதாட எங்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீதன வீடு அவள் பெயரில் உறுதியாக இருந்தால் வெளியேறியதால் உரிமை போகாது. ஆனால் வடக்குத் தமிழருக்கான வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவும் ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அடித்துத் துரத்தியவனிடமே போய் ஒப்பம் கேட்க வேண்டிய கொடுமை. கைவிட்டுப் போனவன் என்றாலோ, நியாயமில்லாமல் மறுக்கிறான் என்றாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அந்தச் சம்மதம் இல்லாமலே அனுமதி பெறலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் வீட்டைச் சும்மா பூட்டி வைத்திருக்கிறார்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி கணவன் பெயரில் இருந்தால் நிலைமை இறுக்கம்தான். அப்போதும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவன் குடியிருக்கக்கூடாது என்று பாதுகாப்புக் கட்டளையில் கேட்கலாம்.

நுண்கடனையும் சொல்லாமல் விடமுடியாது. கடன் அவள் பெயரில், காசு அவன் கையில், கிழமைக்கு ஒருக்கா வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பதில் சொல்வது அவள். வெளியேறும்போது கடன் புத்தகத்தையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தாபரிப்பு வழக்கில் செலவுக் கணக்குக் காட்ட அவை உதவும்.

கடைசியாக, அம்மம்மாமாருக்கே ஒரு விடயம். இந்தச் சட்டம் பேத்திக்கு மட்டும் வந்தது இல்லை. மகன், பேரன், சகோதரன் என்று இவர்களில் எவர் அடித்தாலும் விண்ணப்பிக்கலாம். ஐஸ் போதைப்பொருளுக்கும் கசிப்புச் சாராயத்துக்கும் காசு கேட்டு, கொடுப்பனவு வருகிற நாளில் கிழவியைத் தள்ளிவிழுத்துகிற பேரன்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பேத்தியை "போய்க் கேஸ் போடு" என்று சொல்லத் துணிந்த அம்மம்மாகூடத் தனக்கு நடப்பதை "பிள்ளை அறியாமல் செய்யுது" என்று மறைப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போவது இந்த முறை பேத்தியின் வேலை. கட்டளை கிடைத்ததும் அதன் பிரதி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கவேண்டும், ஒன்று அயலில் நம்பிக்கையான வீட்டில். முடியும் திகதிக்கு ஒரு மாதம் முன்பு கலண்டரில் ஓர் அடையாளம் போடுங்கள். 12 மாதம் முடிந்த அன்று அதன் பலமும் முடிந்துவிடும், நீடிக்கச் சொல்லி அதற்கு முன்பே நீதிமன்றத்தில் கேட்கவேண்டும்.